பூனையின் ஆறாத தோல் புண்ணுக்கு லேசர் சிகிச்சை பலன் தருமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். வீட்டுக்குள்ளேயே வளரும் நான்கு வயதுப் பெண் பூனை. மேலுதட்டில் இரண்டு மாதமாக ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் முடி போய், சிவந்த தடிப்புகள் தெரிகின்றன. ஓயாமல் நக்குகிறது. மருத்துவமனையில் லேசர் சிகிச்சைக்கு எட்டு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். வலிக்குமா, பக்கவிளைவு உண்டா, பலன் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வலிக்காது. கருவியைக் கையாளத் தெரிந்தவர் செய்தால் பக்கவிளைவுக்கும் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. பலன் இருக்குமா என்பதற்குத்தான் என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் எழுதியதில் புண் இருக்கிறது, தடிப்பு இருக்கிறது, செலவுக் கணக்குகூட இருக்கிறது. நோய் என்னவென்று யாராவது சொன்னதாக இல்லை. கால்நடை மருத்துவராகப் பல ஆண்டுகள் பூனைகளின் தோலைப் பார்த்து வருகிறேன், லேசர் கருவியையும் பயன்படுத்துகிறேன். அந்தக் கருவி புண் ஆறும் வேகத்தைக் கூட்ட உதவும். புண் ஏன் வந்தது என்பதை அது தொடுவதே இல்லை.

முதலில் கருவியைப் பற்றி. மருத்துவமனைகளில் லேசர் என்று மூன்று வேறுபட்ட வேலைகள் நடக்கின்றன. உங்களுக்குச் சொல்லியிருப்பது குறைந்த ஆற்றல் ஒளியைத் தோல்மீது பாய்ச்சும் சிகிச்சை. அறுவைக்குப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு லேசர் வேறு. 10,600 நானோமீட்டர் அலைநீளமுள்ள அதன் கதிரைத் திசுவில் இருக்கும் நீர் அப்படியே உறிஞ்சி ஆவியாகிவிடும், அதனால் அது கத்தியைப்போல வெட்டும். மூன்றாவது, ஒளியால் தூண்டப்படும் ஒரு மருந்தைப் புற்றுத் திசுவில் ஏற்றிவிட்டுப் பிறகு சிவப்பொளி காட்டி அந்தத் திசுவை அழிக்கும் முறை. பின்னிரண்டையும் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஒன்றின் வெற்றிக் கதையை இன்னொன்றின் விளம்பரத்தில் ஒட்டிவிடுவது சாதாரணமாக நடப்பதால் பிரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஒளியால் புண் ஆறும் என்பது கட்டுக்கதை அல்ல. 1960இல் முதல் ரூபி லேசர் உருவான சில ஆண்டுகளிலேயே, புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் எலிகளின் முதுகை மழித்து அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். அவருடைய கருவியின் ஆற்றல் மிகக் குறைவு. ஒளி பட்ட எலிகளுக்கு மற்றவற்றைவிட விரைவாக முடி வளர்ந்தது. 1967இல் வெளிவந்த அந்தக் கவனிப்பிலிருந்துதான் இந்தத் துறையே தொடங்கியது. பிறகு அவர் ஆறாத புண்களின் பக்கம் திரும்பினார்.

உடலுக்குள் நடப்பது பெரும்பாலும் இப்படி விளக்கப்படுகிறது. சிவப்பொளியையும் அதற்கு அடுத்துள்ள அகச்சிவப்பு ஒளியையும் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி உறிஞ்சிக்கொள்கிறது. அதில் ஒட்டிக்கிடந்து வேலையைத் தடுக்கும் நைட்ரிக் ஆக்சைடு விலகுகிறது. செல்லுக்கு வேண்டிய ஆற்றலான ஏடிபி கூடுதலாக உற்பத்தியாகிறது. அந்த இடத்தில் இரத்த ஓட்டம் கூடுகிறது. அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் தணிகின்றன. மேல்தோலுக்கு 630 முதல் 660 நானோமீட்டர் வரையிலான சிவப்பும், சற்று ஆழமான திசுவுக்கு 800க்கு மேற்பட்ட அகச்சிவப்பும் பயன்படுகின்றன. 

அளவு இதில் முக்கியம். குறைவாகக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. அளவுக்கு மிஞ்சினால் புண் ஆறுவது மட்டுப்படும். மேலோட்டமான தோல் புண்ணுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 முதல் 6 ஜூல் (ஒளி ஆற்றலை அளக்கும் அலகு) வரை என்பது வழக்கம். பத்து சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு 4 ஜூல் வீதம் என்றால் மொத்தம் 40 ஜூல். அரை வாட் கருவி அதைக் கொடுக்க 80 விநாடி எடுத்துக்கொள்ளும். பூனைக்கு இது நல்ல செய்தி, ஏனென்றால் அதன் பொறுமையின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். உங்கள் பூனையின் உதட்டுப் புண்ணுக்கு அரை மணி நேரம் ஒளி காட்டினார்கள் என்றால், எத்தனை ஜூல் கொடுத்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கேஸ் தாளில் அலைநீளமும் ஜூல் கணக்கும் எழுதப்படவேண்டும். மாத்திரை எழுதும்போது மில்லிகிராம் எழுதுவதில்லையா, அதே கணக்குதான்.

முடி ஒரு பெரிய தடை. ஒளியின் கணிசமான பங்கை முடியே விழுங்கிவிடும். ஆகவே புண்ணைச் சுற்றி மழிக்காமல், அடர்ந்த ரோமத்தின் மேலேயே கருவியை ஓட்டிவிட்டு அனுப்பினால் அது பெயருக்குச் செய்த சிகிச்சை. கறுப்புப் பூனை என்றால் இன்னொரு கவனம் வேண்டும்: கரிய முடியும் தோலும் ஒளியைக் கூடுதலாக உறிஞ்சிச் சூடேறும். அரை வாட்டுக்கு மேற்பட்ட கருவிகள் லேசர் பாதுகாப்பு வகைப்பாட்டில் ஆபத்து மிகுந்த நான்காம் வகுப்பில் அடங்கும். அவற்றை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் பூனையின் மெல்லிய தோல் வெந்துபோகும். கையை நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். புண்ணில் தடவிய களிம்பையும் அயோடின் கரைசலையும் முன்னதாகத் துடைத்துவிடவேண்டும்.

சரி, உங்கள் பூனைக்கு வருவோம். நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனாலும் மேலுதட்டில், கோரைப் பல்லுக்கு நேராக, விளிம்பு சற்றுத் தடித்த, பூனை அதிகம் பொருட்படுத்தாத ஒரு புண், கூடவே வயிற்றில் நக்கி நக்கிச் சிவந்த ஈரத் தடிப்பு என்று கேட்டால் எங்களுக்கு முதலில் தோன்றுவது, இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் தோலில் திரளும் இயோசினோஃபிலிக் தொகுதி நோய். இது தொற்று அல்ல. உடலின் ஒவ்வாமை எதிர்வினை தோலில் இந்த வடிவில் வெளிப்படுகிறது. எலி கடித்து வந்த புண் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அதில் உண்மை இல்லை. ஒவ்வாமைக்குக் காரணமாக இருப்பவை பெரும்பாலும் மூன்று: தெள்ளுப்பூச்சியின் எச்சில், உணவில் உள்ள ஏதோ ஒரு புரதம், வீட்டுத் தூசி அல்லது மகரந்தம்.

“எங்கள் பூனை வெளியே போவதே இல்லை, தெள்ளு எப்படி வரும்?” என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்பதுதான். உங்கள் காலுறையில் வரும், மாடிப்படியில் தூங்கும் தெருப்பூனையிடமிருந்து வரும், பக்கத்து வீட்டு நாயிடமிருந்து வரும். கண்ணில் படாததற்கும் காரணம் இருக்கிறது. அரிப்புள்ள பூனை தன்னைத்தானே நக்கும்போது பூச்சியையும் விழுங்கிவிடுகிறது. சாட்சி அதன் வயிற்றுக்குள் போய்விடும். நெருக்கமான பற்களுள்ள சீப்பால் முதுகின் பின்பகுதியையும் வால் தொடங்கும் இடத்தையும் சீவுங்கள். சீப்பில் வரும் கரும்புள்ளிகளை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் வையுங்கள். துருப்பிடித்த நிறத்தில் செம்மை பரவினால் அது தெள்ளின் எச்சம். பூனையின் இரத்தம் செரித்து வெளியேறியது. மண் என்றால் நிறம் பரவாது. காசில்லாத சோதனை, எட்டு அமர்வு லேசருக்கு முன்னால் செய்யவேண்டியது.

புள்ளி வரவில்லை என்றாலும் இந்த நோயில் தெள்ளுக்கான மருந்தை வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும் குறைந்தது மூன்று மாதம் தொடரவேண்டும். தெள்ளின் கூட்டுப்புழுக்கள் தரை இடுக்கிலும் மெத்தை ஓரத்திலும் மாதக்கணக்கில் காத்திருக்கும் என்பதால்தான் இவ்வளவு நீளம். பூனைக்கென்று விற்கும் செலாமெக்டின், ஃபிப்ரோனில் போன்றவற்றை மருத்துவர் சொல்லும் அளவில் போடலாம். நாய்க்கான சொட்டு மருந்தில் மீதியைப் பூனைக்கு விடும் பழக்கம் மட்டும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. நடுக்கம், வலிப்பு, உயிரிழப்பு வரை போகும். 

அதோடு உதட்டுப் புண்ணிலிருந்து ஒரு கண்ணாடித் தகட்டில் ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். நோய் உறுதியானால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு குறுகிய காலத்துக்கு, தேவைப்பட்டால் நோயெதிர்ப்பு வினையை அடக்கும் சைக்ளோஸ்போரின். தெள்ளு காரணமில்லை என்று தெரிந்தால் எட்டு வாரம் வேறு புரதம் மட்டும் கொடுத்து உணவுச் சோதனை. அந்த எட்டு வாரத்தில் பாட்டி ஆசையாக வைக்கும் ஒரு துண்டு மீன்கூடக் கணக்கைக் கெடுத்துவிடும்.

இந்த வைத்தியத்தின் நடுவே லேசருக்கு இடம் உண்டா? துணையாக உண்டு. மருந்து அரிப்பை அடக்கிய பிறகு திறந்து கிடக்கும் தோல் மூடுவதற்கு ஒளி கைகொடுக்கலாம். நீரிழிவோ வேறு காரணமோ இருந்து ஸ்டீராய்டைக் குறைவாகவே கொடுக்க முடிகிற பூனைக்கு நானும் செய்திருக்கிறேன், சிலவற்றில் திருப்தியாகவே ஆறியது. ஆனால் அவற்றுக்குத் தெள்ளு மருந்தும் ஓடிக்கொண்டிருந்தது, ஆகையால் பெருமையை யாருக்குக் கொடுப்பது என்று என்னால் சொல்ல முடியாது. பூனைத் தோல் நோய்களில் லேசருக்கு இருக்கும் ஆதாரத்தின் நிலையும் இதுதான். தனித்தனிப் பூனைகளைப் பற்றிய குறிப்புகள் பல. ஒளி காட்டிய குழுவையும் காட்டாத குழுவையும் ஒப்பிட்ட கட்டுப்பாடான ஆய்வுகள் மிகக் குறைவு.

நாய்களில் செய்த ஒன்றைச் சொல்கிறேன். 2014இல் வெளியான ஆய்வு. ஒவ்வாமையால் பாதங்களை ஓயாமல் நக்கும் நாய்களை எடுத்துக்கொண்டு, ஒரு பாதத்துக்கு உண்மையான லேசர், எதிர்ப் பாதத்துக்குப் போலிச் சிகிச்சை என்று கொடுத்தார்கள். எந்தப் பாதத்துக்கு எது என்று மதிப்பிட்டவர்களுக்குத் தெரியாது. முடிவில் இரண்டு பாதங்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. நாய் பூனையல்ல என்பது சரி. இருந்தாலும், ஒவ்வாமை அரிப்பை லேசர் தீர்த்துவிடும் என்று உறுதி கொடுப்பவரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம்.

லேசரை நான் மனமுவந்து எடுக்கும் இடங்களும் உண்டு. ஆண் பூனைகள் சண்டையில் கடிபட்டுச் சீழ்க்கட்டி வெடித்து, தோல் உரிந்து உள்ளங்கையளவு திறந்து கிடக்கும் புண் அதில் முதலாவது. சீழை வெளியேற்றி, செத்த திசுவை நீக்கி, நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கிய பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒளி காட்டினால் சிவந்த புதுத் திசு நன்றாக எழும்புகிறது. வண்டியில் அடிபட்டு உரிந்த தோல், தையல் விட்டுப்போன அறுவைப் புண், கட்டு இறுகியதால் வந்த புண் ஆகியவற்றிலும் அப்படியே. வயதான பூனை மூட்டு வலியால் ஒரே இடத்தை நக்கி மொட்டையாக்கும்போது, தோலை விட்டுவிட்டு மூட்டுக்கு ஒளி கொடுத்தால் நக்குவது குறைவதுண்டு.

பயனில்லாத இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொறி வந்த பூனைக்கு லேசர் வேண்டாம். காது ஓரத்தில் தொடங்கி முகமெல்லாம் சாம்பல் நிற பொருக்குக் கட்டும் அந்த நோய்க்குக் காரணம் நோட்டோட்ரஸ் என்ற நுண்ணிய சிலந்திப்பேன், அதற்கு மருந்து இருக்கிறது. படர்தாமரைக்கும் வேண்டாம். இந்தக் கருவி கொடுக்கும் ஒளியில் அந்தப் பூஞ்சை சாகும் என்று நம்ப ஆதாரமில்லை, அதற்கு இட்ராகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியும் மேற்பூச்சும் வேண்டும். படர்தாமரையுள்ள பூனையின் தோலில் அழுத்திய கருவி முனையைச் சரியாகத் துடைக்காமல் அடுத்த பூனைக்கு வைத்தால் நோய் இலவசமாகப் பரவும். அது மனிதருக்கும் ஒட்டுவது. உங்கள் வீட்டுக் குழந்தைகளின் கையில் வட்டத் தடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், நோயறிதல் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

இனி, செய்யவே கூடாத இடம். வெயிலில் மாடியிலும் சன்னலிலும் கிடக்கும் வெள்ளைப் பூனைக்கு மூக்கு நுனியிலோ காது நுனியிலோ பொருக்குக் கட்டி, உதிர்ந்து, மறுபடி புண்ணாகிறது என்றால் அது ஸ்குவாமஸ் செல் புற்று என்ற தோல் புற்றாக இருக்க வாய்ப்புண்டு. நிறமியில்லாத தோலைப் புற ஊதாக் கதிர் ஆண்டுக்கணக்கில் தாக்கியதன் விளைவு. செல்களைத் தூண்டிப் பெருகவைக்கும் ஒளியைப் புற்றின் மேல் பாய்ச்சக் கூடாது என்பது இத்துறையின் அடிப்படை எச்சரிக்கை. ஆகவே ஆறாத எந்தப் புண்ணுக்கும், குறிப்பாக வயதான பூனையில், ஒளிக்கு முன் திசு எடுத்துப் பரிசோதிக்கவேண்டும். உங்கள் பூனையின் உதட்டுக்கும் இது பொருந்தும்: மருந்து சரியாகக் கொடுத்தும் மூன்று நான்கு வாரத்தில் சுருங்கவில்லை என்றால் பயாப்சியைத் தள்ளிப்போடாதீர்கள். உதட்டிலும் அந்தப் புற்று வரும்.

முன்பு ஒத்திவைத்த இரண்டு முறைகளுக்கும் வேலை இங்கேதான். காது நுனிப் புற்றென்றால் காதின் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பதே நல்ல தீர்வு. பூனை அழகு பார்க்காது, நாம்தான் பார்க்கிறோம். மூக்கில் அப்படி வெட்டுவது எளிதல்ல. அங்கே 5-அமினோ லெவுலினிக் அமிலக் களிம்பைத் தடவி, அது புற்றுச் செல்களில் ஏறிய பிறகு சிவப்பொளி காட்டி அழிக்கும் முறையை இங்கிலாந்தில் 55 பூனைகளிடம் பயன்படுத்தி 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மேலோட்டமான கட்டிகளில் சுமார் 85 விழுக்காடு முழுமையாக மறைந்தன. மறைந்தவற்றில் ஏறக்குறைய பாதி சில மாதங்களில் திரும்பி வந்தன. கார்பன் டை ஆக்சைடு லேசரின் அழகான வேலையைப் பார்க்கவேண்டுமென்றால் பூனையின் காதுக்குள் பார்க்கவேண்டும். மெழுகுச் சுரப்பிகள் வீங்கி நீலக் கறுப்புக் கொப்புளங்களாகக் காதுத் துளையை அடைத்துக்கொள்ளும் ஒரு நிலை உண்டு; பார்த்தவுடன் புற்று என்று பயந்துவிடுவார்கள். ஒவ்வொரு கொப்புளத்தையும் அந்த லேசரால் ஆவியாக்கினால் இரத்தப்போக்கு மிகக் குறைவு, காதும் தப்பிக்கும். மயக்க மருந்து கட்டாயம்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்காதது கண். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமையும் மூடாது, விழித்திரை வெந்த பிறகுதான் தெரியும். உங்கள் பூனைக்குப் புண் இருப்பது முகத்தில். அறையிலிருக்கும் ஒவ்வொருவரும் அந்த அலைநீளத்துக்குரிய கண்ணாடி அணியவேண்டும், பூனையின் கண்களைக் கெட்டியான கறுப்புத் துணியால் மறைக்கவேண்டும். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. உங்களுக்குக் கண்ணாடி கொடுக்காமல் பூனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இவற்றோடு, சினையாக இருக்கும் பூனையின் வயிற்றின் மேலும், கழுத்தில் தைராய்டு சுரப்பியின் மேலும், இரத்தம் கசியும் புண்ணின் மேலும் ஒளி காட்டுவதைத் தவிர்ப்பார்கள். டாக்சிசைக்ளின் போன்று தோலை ஒளிக்குக் கூருணர்வாக்கும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இணையத்தில் விற்கும் வீட்டு உபயோகச் சிவப்பொளிக் கருவிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம். அட்டையில் எழுதிய அலைநீளத்தையும் ஆற்றலையும் யாரும் சரிபார்ப்பதில்லை. அமெரிக்காவில்கூட, பிராணிகளுக்கான கருவிகளுக்கு விற்பனைக்கு முன் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏவின் ஒப்புதல் பெறவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது; அதனால் அந்த நிறுவனத்தின் பெயரைப் பெட்டியில் பார்த்து மயங்கவேண்டாம். பூனை துரத்தி விளையாடும் சிவப்புப் புள்ளி விளக்கைப் புண்ணில் அடித்துப் பார்ப்பது அதைவிட வீண்.

புண்ணுக்கு வீட்டில் எதையாவது தடவுவதையும் நிறுத்துங்கள். டெட்டால், தேயிலை மர எண்ணெய், கற்பூரம் கலந்த தைலம் எதுவும் கூடாது. இத்தகைய சேர்மங்களைக் கழித்துவெளியேற்றும் கல்லீரல் நொதி பூனைக்கு மிகக் குறைவு. தடவியதையெல்லாம் அது நக்கி விழுங்கவும் செய்யும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் கேட்பதற்குச் சாதுவாக இருக்கும். ஆனால் அவற்றின் வாடையே பூனையைக் கூடுதலாக நக்கவைக்கும், நக்கினால் புண் ஆறாது. கழுத்தில் கூம்புக் காலர் போடுவதுதான் நல்லது, அது முறைத்தாலும் பரவாயில்லை.

இப்போது செய்யவேண்டியது: எட்டு அமர்வுக்கும் சேர்த்து முன்பணம் கட்டாதீர்கள். மருத்துவரிடம் போய், நோயின் பெயர் என்ன, எதை வைத்து முடிவுக்கு வந்தீர்கள், தோல் சுரண்டலோ ஒற்றியெடுத்த சோதனையோ செய்தீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்படமாட்டார். தெள்ளு மருந்தை இன்றே தொடங்கலாம். காரணத்துக்கான வைத்தியம் நடக்கும்போது லேசரும் வேண்டுமென்றால் மூன்று அமர்வு செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் புறப்படுவதற்கு முன் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் புண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது படத்தில் விளிம்பு சுருங்கியிருந்தால் தொடருங்கள். சுருங்கவில்லை என்றாலோ, கூண்டைப் பார்த்தாலே பூனை சிறுநீர் கழித்துவிடும் அளவுக்கு ஒவ்வொரு பயணமும் வதையானாலோ நிறுத்திவிட்டு, மீதி அமர்வுகளுக்கு ஒதுக்கிய பணத்தைப் பயாப்சிக்குச் செலவிடுங்கள்.